யோவ்னியின் சுத்தமான டேபிள்

யோவ்னியோடு ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும், சுத்தம் பார்க்கிற ஆள் அடுத்தவர் பிராணனை எப்படி வாங்குவான் என்று. காபிக் கோப்பையின் காது வலது பக்கமே பார்க்கணும். வயர்கள் சுருண்டு கட்டுப்பட்டுக் கிடக்கணும். என் மேசையில் ரொட்டித் துணுக்கு கிடந்தால் போதும், முகத்தைச் சுளித்துக்கொண்டு, "ரைலி, நீ திங்கிறியா, விதைக்கிறியா?" என்பான். நான் அவனைவிட ரொம்ப மூத்தவள், வாயும் அவனைவிட நீளம். "முளைச்சா முதல் அறுப்பு உனக்குத்தான், போடா" என்பேன். ரொவானியெமி என்ற பனிப்பிரதேச ஊரில், அந்தச் சின்ன அலுவலகத்தில் இப்படித்தான் எங்கள் பொழுது போய்க்கொண்டிருந்தது.

எங்கள் பிழைப்பு கழுத்துப்பட்டையை நம்பி. அந்தப் பக்கம் மந்தையாக வளர்க்கிற கலைமான்களுக்கும், மேய்ப்பவர்களின் நாய்களுக்கும் கட்டுகிற பட்டை. அதைச் செய்கிறவர்கள் ஓவுலு நகரத்தில் இருந்தார்கள், அது வேறு கம்பெனி. நாய் எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது, நிமிடத்துக்கு எத்தனை தடவை குரைக்கிறது, பாட்டரி எவ்வளவு மிச்சம் என்று பட்டை ஓயாமல் சேதி அனுப்பும். சேதி ஓவுலுவுக்குப் போய், அங்கிருந்து ஜேசன் என்ற வடிவில் எங்களுக்கு வரும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை, வெறும் எழுத்துதான். வளைந்த அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு, இன்னொரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு. அதை நாங்கள் டேட்டாபேஸில், அதாவது வரியும் கட்டமுமாகப் பிரித்த டேபிள்களில் ஏற்றி, வரைபடத்தில் புள்ளியாக வைப்போம். மேய்ப்பவர் போனைத் திறந்தால் தன் நாய் எந்த மேட்டில் நிற்கிறது என்று தெரியும்.

ஏற்றுகிற புரோகிராம் யோவ்னி எழுதியது. எங்களுக்குள் நடந்த சண்டையெல்லாம் அதைப் பற்றித்தான்.

"வர்றதை வந்தபடியே ஒரு டேபிள்ல எழுத்தா கொட்டி வைடா. ஒரே ஒரு கட்டம் போதும். வேணுங்கிறதை அப்புறம் பிரிச்சு எடுத்துக்கலாம்" என்று நான் சொல்லாத வாரம் கிடையாது.

"குப்பையை நடு வீட்டுல கொட்டிட்டு அப்புறம் பெருக்கச் சொல்றே. என் வீட்டுல அது நடக்காது. வாசல்லயே நிறுத்திடுவேன்."

"வாசல்ல நிறுத்துறியே, அது குப்பைன்னு யாரு சொன்னா?"

"எனக்குத் தெரியாத பேரு இருந்தா அது குப்பை."

அவன் புரோகிராமும் அவன் மாதிரியேதான். இன்னின்ன பெயர்கள் வரலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தது. சேதியில் அதற்குத் தெரியாத பெயர் ஒன்றே ஒன்று தலையைக் காட்டினாலும் சரி, முழுச் சேதியையும் தள்ளிவிடும். தள்ளிவிட்டு, 'பெற்றுக்கொண்டோம்' என்று ஓவுலுவுக்குப் பதிலும் போட்டுவிடும். முன்பெல்லாம் ஒவ்வொன்றைத் தள்ளும்போதும் எங்கள் திரையில் ஒரு எச்சரிக்கை வரும். அந்த இலையுதிர் காலத்தில் மான்களின் பழைய பட்டைகள் அரைகுறையாக ஏதேதோ அனுப்பி, எச்சரிக்கை நாள் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தது. யோவ்னி அதை அணைத்துவிட்டான். சத்தம் நின்றதில் எனக்கும் நிம்மதிதான்.

அவனுடைய அண்ணன் ஹெய்க்காவைப் பற்றிச் சொல்லணும். வடக்கே, எங்களுக்கு அரைநாள் கார்ப் பயணத் தூரத்தில் இருந்தான். அப்பாவின் மான்கள் ஹெய்க்காவுக்கு வந்தன, படிப்பு யோவ்னிக்கு வந்தது. அதில் இருவருக்கும் வருத்தம் இல்லை. எங்கள் பட்டையை முதன்முதலில் வாங்கின ஆளே ஹெய்க்காதான், தம்பி முகத்துக்காக. வருஷத்தில் ஒன்றிரண்டு தரம் எங்கள் ஊர்ப்பக்கம் வரும்போது, உலர்த்திய மான் இறைச்சியை ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வருவான். கூடவே ரன்னே. சாம்பல் நிற நாய், ஒரு காது மடங்கி இருக்கும். ஹெய்க்கா உள்ளே வந்தால் அறையே சின்னதாகிவிடும், அப்படி ஒரு குரல்.

"என் நாய் எங்கிட்ட சொல்லாததையா உன் பெட்டிகிட்ட சொல்லிடப்போவுது?" என்று கடைசியாக வந்தபோது தம்பியை வம்புக்கு இழுத்தான்.

"உனக்குக் காது அவிஞ்சு போச்சு கிழவா. பெட்டிக்கு நல்லா கேக்கும்."

"அப்ப சரி. நான் எங்கயாவது தொலைஞ்சா நீ ரன்னேகிட்டயே கேட்டுக்க."

மூன்று பேரும் சிரித்தோம். நான் இறைச்சியை நறுக்கி ரொட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். துணுக்கு விழுந்தது என்று யோவ்னி என்னை முறைத்தான்.

நவம்பர் முடிகிற நேரம், பகல் வெளிச்சம் சில மணி நேரமே நிற்கிற காலம். ஒரு செவ்வாய்க்கிழமை. யோவ்னி எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். மேல்சட்டையைக் கழற்றவில்லை.

"ஹெய்க்கா நேத்து வீட்டுக்கு வரலை" என்றான்.

திங்கட்கிழமை காலையில், கூட்டத்திலிருந்து பிரிந்துபோன மான்களைத் தேடி மோட்டார் பனிவண்டியில் கிளம்பினானாம். ரன்னேயும் கூட. 'வேலிப் பக்கம் போய்ப் பார்த்துட்டு வர்றேன்' என்று மனைவி மாரெத்திடம் சொன்னதோடு சரி. ராத்திரி அவள் எல்லாரையும் எழுப்பிவிட்டாள். ஊர்க்காரர்கள் தேடுதல் குழு கட்டிக் கிளம்பிவிட்டார்கள். ஓய்வா என்கிற பெரியவர்தான் குழுத் தலைவர். போன் அடித்துப் பார்த்தாயிற்று, லைனே போகவில்லை.

"பட்டை என்ன சொல்லுது?" என்றேன்.

திரையைக் காட்டினான். ரன்னேயின் புள்ளி திங்கட்கிழமை மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் மான்வேலியின் பெரிய வாசலில் நின்றிருந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

"வாசலைத் தாண்டி வடக்கே போனா அந்தப் பள்ளத்தாக்கு. அங்க சிக்னல் ஒரு பொட்டு கிடையாது. சின்ன வயசுலேருந்து எனக்குத் தெரியும். பள்ளத்தாக்குக்குள்ள இறங்கியிருக்கான், அதான் பட்டை பேசலை. வண்டி மக்கர் பண்ணியிருக்கும். ஆளு நல்லா உடுத்திக்கிட்டுத்தான் போயிருக்கான். குளிரும் ரொம்ப மோசமில்லை. நெருப்பு மூட்டிக்கிட்டு என்னைத் திட்டிக்கிட்டு உக்கார்ந்திருப்பான் பாரு."

அவன் சொன்னதில் ஒரு ஓட்டையும் எனக்குத் தெரியவில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். "நீ அங்க போகலையா?" என்று மட்டும் கேட்டேன்.

"நான் அங்க போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது போயிடும். வரைபடம் இங்கதானே இருக்கு. இங்கேருந்து வழி சொல்றதுதான் உபயோகம்."

சொன்னான். காலை முழுக்கப் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வழி சொல்லிக்கொண்டே இருந்தான். எந்த ஓடையைச் சுற்றணும், எந்தப் பக்கம் சரிவு, எங்கே பனிக்கு அடியில் தண்ணீர் இருக்கும், எல்லாம் அவனுக்கு மனப்பாடம். இடையில் மாரெத் கூப்பிட்டாள். ஊர்க்கூடத்தில் தேடுகிறவர்களுக்கு சூப் காய்ச்சிக்கொண்டிருந்தாளாம். "அழுறதுக்கு நேரமில்லை, கரண்டி கையில இருக்கு" என்றாள். "கண்டுபிடிச்சுடுவோம் மாரெத். நாய் எங்க போச்சுன்னு எங்கிட்ட இருக்கு" என்று யோவ்னி சொன்னான்.

மதியம் ஓய்வா கூப்பிட்டார். பின்னால் இரண்டு வண்டிகள் உறுமிக்கொண்டிருந்தன.

"யோவ்னி, நானும் இன்னொரு பையனும் தெற்கே ஆத்தோரமா சுத்தி வந்துட்டோம். இங்க மேட்டு மேல ஏறி ஒரு சுத்து பார்க்கட்டுமா? வந்ததுக்கு வந்தாச்சு."

"வேணாம் ஓய்வா. அவன் தெக்கே வரவே இல்லை. வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் இருக்கும், அதை அங்க வீணாக்காதீங்க. திரும்பி வடக்கே போங்க. பள்ளத்தாக்கோட கீழ் வாயை யாரும் இன்னும் பார்க்கலை."

"நிச்சயமாத்தான் சொல்றியா?"

"நிச்சயமா."

வண்டிகள் திரும்புகிற சத்தம் போனிலேயே கேட்டது.

நான் காபி போட்டேன், யாரும் குடிக்கவில்லை. வேலை ஓடாமல் ரன்னேயின் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டரி ஏறக்குறைய முழுதாக இருந்தது. வாசலில் சிக்னலும் நன்றாக இருந்திருக்கிறது, பக்கத்திலேயே செல்போன் கோபுரம். வாசலிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்க நல்ல தூரம் போகணும். நடுவில் ஒரு வரியாவது வந்திருக்க வேண்டாமா? மனசில் என்னமோ குடைந்தது. யோவ்னியிடம் கேட்டேன்.

"மரம் அடர்த்தியா இருக்கும் ரைலி. இப்பப் போயி என் உயிரை எடுக்காதே" என்று சீறினான்.

நான் சும்மா இருக்கிற பிறவி இல்லை. எழுந்து அடுத்த அறைக்குப் போய் ஓவுலுவுக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு சின்னப் பெண். பட்டையின் எண்ணைச் சொல்லி, "அந்தப் பக்கம் சிக்னல் எப்படின்னு உங்களால பார்க்க முடியுமா? திங்கட்கிழமை மதியத்துலேருந்து இந்தப் பட்டை பேசலை" என்றேன்.

தட்டச்சுச் சத்தம் கேட்டது. "பேசலையா? பேசிட்டுத்தானே இருக்கு. இப்பக்கூட ஒண்ணு வந்துச்சு. எல்லாத்துக்கும் உங்ககிட்டேருந்து பெற்றுக்கொண்டோம்னு பதிலும் வந்திருக்கே!" என்றாள்.

பட்டை எண்ணை இன்னொரு தரம் சொல்லிப் பார்க்கச் சொன்னேன், அதேதான்.

அப்புறம் அவள் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. அந்த வாரம் நாய்ப் பட்டைகளுக்குப் புது மென்பொருள் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள், ஒவ்வொன்றாக, சிக்னல் நன்றாக இருக்கிற இடத்தில். நாய் நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்று சொல்ல 'நிலை' என்ற பெயரை சேதியோடு புதிதாகச் சேர்த்திருந்தார்கள். முன்கூட்டியே அறிவிப்பும் போட்டிருந்தார்களாம். அதையெல்லாம் யார் படித்தார்கள்! ரன்னேயின் பட்டை புது மென்பொருளை வாங்கிக்கொண்ட இடம் வேலி வாசல். அந்த நிமிடத்திலிருந்து அது அனுப்பின ஒவ்வொரு சேதியிலும் யோவ்னிக்குத் தெரியாத பெயர் ஒன்று இருந்தது.

"திங்கட்கிழமையிலேருந்து வந்ததை அப்படியே திருப்பி அனுப்பும்மா. ஒரு எழுத்து மாத்தாதே. சீக்கிரம்" என்றேன். நல்ல பெண், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை.

ஃபைல் வந்தது. யோவ்னியின் புரோகிராம் பக்கமே நான் போகவில்லை. ஒரு புது டேபிள், அதில் ஒரே ஒரு கட்டம், வெறும் எழுத்து. பெயர் சரிபார்க்கவில்லை, எண்ணா எழுத்தா என்று பார்க்கவில்லை. எப்படி வந்ததோ அப்படியே ஒரு சேதிக்கு ஒரு வரி என்று மொத்தத்தையும் கொட்டினேன். பல வருஷமாக நாங்கள் சண்டை போட்ட வேலை அது. ஒரு வாய் காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. பட்டை எண்ணைப் போட்டுத் தேடினேன்.

வரிகள் வந்தன. வாசலில் இருந்து தெற்கே. தெற்கே போய், ஆற்றைத் தாண்டி, மேட்டின் பின்சரிவில் ஏறி, திங்கட்கிழமை பிற்பகலில் ஒரே இடத்தில் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு வந்த எல்லா வரியிலும் அதே இடம், வேகம் சுழியம், ஏறக்குறைய எல்லாவற்றிலும் நிலை: படுத்திருக்கிறது. குரைப்பு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் விடாமல் குரைத்திருக்கிறது. ராத்திரியும் குரைத்திருக்கிறது, விட்டு விட்டு. காலையில் மறுபடி.

"யோவ்னி!" என்று நான் போட்ட கத்தலில் அவன் நாற்காலி கவிழ எழுந்து ஓடிவந்தான்.

என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். முதலில் புரியவில்லை. "இது எங்கேருந்து..." என்றான். 'நிலை' என்ற சொல்லைப் பார்த்தான். அவனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் கையால் எழுதின புரோகிராம் அல்லவா. வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகை என்றும் சொல்ல முடியாது. அடுத்த நொடி போன் அவன் கையில் இருந்தது.

"ஓய்வா, தெக்கே! ஆத்தைத் தாண்டி மேட்டோட பின்சரிவு. இடத்தை அனுப்பிட்டேன். திரும்புங்க. எல்லாரையும் திருப்புங்க. தப்பு என்னோடது, அப்புறம் பேசிக்கலாம், போங்க!"

ஓய்வா ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அவர்கள் அப்போது பள்ளத்தாக்கின் அடியில் இருந்தார்கள். ஏறி, வாசலைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி வரணும். வெளிச்சமும் போய்விட்டது. நாங்கள் இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யோவ்னி என் கையைப் பிடித்திருந்தான், பிடித்திருக்கிறோம் என்றே அவனுக்குத் தெரியாது. "உயிரோட இருப்பான். நாய் விடாது. இவ்வளவு நேரம் நாய் விடலை பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வேன், பாவி?

ஓய்வா கூப்பிட்டபோது பின்னால் வண்டிச் சத்தம் இல்லை. நாயின் குரல் கேட்டது. குரைக்கவில்லை, ஊளை.

"வண்டி கவுந்து கால் அடியில மாட்டிக்கிச்சு" என்றார். "போன் கொஞ்சம் தள்ளி, கை எட்டாத இடத்துல, குளிர்ல அணைஞ்சு கெடக்குது. நாய் மேலயே படுத்திருக்கு. கிட்ட விடமாட்டேங்குது." யாரிடமோ நாயைப் பிடிக்கச் சொன்னார். "போயிட்டான்ப்பா. ரொம்ப நேரம் ஆகலை. மார்புல, நாய் படுத்திருந்த இடத்துல, இன்னும் சூடு இருக்குது."

யோவ்னி போனை மேசைமேல் மெதுவாக வைத்தான், விளிம்புக்கு நேராக. பழக்கம்.

என் திரை இன்னும் அந்த வரிகளோடுதான் இருந்தது. அவன் போனில் இருந்தபோதே நான் ஒன்றைப் பார்த்துவிட்டேன். மூடிவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன்.

"மூடாதே" என்றான்.

"வேணாம்டா. நாளைக்குப் பார்க்கலாம். வா, உன்னை வீட்டுல விடுறேன்."

"மூடாதேங்கிறேன்ல!"

உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். அன்று காலை முழுக்கக் குரைப்பு அடங்கிக்கொண்டே வந்திருந்தது, நாய்க்கும் தொண்டை கட்டியிருக்கும். நடுவில் மதியத்தில் மட்டும் திடீரென்று குதித்திருந்தது, இரண்டு நாளில் எங்கும் இல்லாத அளவுக்கு. நிலை: நிற்கிறது. அந்த ஒரு சமயம்தான் ரன்னே ஹெய்க்காவை விட்டு எழுந்து நின்றிருக்கிறது. கொஞ்ச நேரம் அப்படி வெறிபிடித்தாற்போல் குரைத்துவிட்டு, பிறகு குரைப்பு சுழியம். நிலை: படுத்திருக்கிறது.

யோவ்னி தன் போனை எடுத்து, மதியம் ஓய்வா கூப்பிட்ட நேரத்தைப் பார்த்தான். திரையில் இருந்த நேரத்தைப் பார்த்தான். மறுபடி போனைப் பார்த்தான். வாழ்க்கையில் எத்தனையோ தரம் 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று ஆடியிருக்கிறேன். அந்த வார்த்தை அன்றைக்குத் தொண்டையில் நாறிக்கொண்டு கிடந்தது.

பிறகு அவன் வேலைக்கு வரவில்லை. வடக்கேயும் போகவில்லை. மாரெத்தின் போனை எடுக்கவில்லை. நான் போய்க் கதவைத் தட்டினால் திறப்பான், முந்தின தரம் நான் கொண்டுபோய் வைத்த சூப்பை அப்படியே வைத்திருப்பான், சிங்க்கில் பாத்திரம் குவிந்து கிடக்கும். யோவ்னி வீட்டில் கழுவாத பாத்திரம்! நானே கழுவிவிட்டு வருவேன்.

அடக்கத்துக்குச் சில நாள் முன்னால் அலுவலகச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வந்தான். வேலையை விடுகிறானாம். "வாங்கிக்க முடியாது, போடா" என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. மாரெத் நின்றாள். பனி ஒட்டிய தொப்பி, கையில் கயிறு, கயிற்றின் முனையில் ரன்னே. அவ்வளவு தூரம் தனியாகக் கார் ஓட்டி வந்திருக்கிறாள்.

யோவ்னி எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான். நாய் நேராகப் போய் அவன் காலை முகர்ந்துவிட்டு, மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டது.

"நீ போனை எடுக்கலை. அதான் வந்தேன்" என்றாள் மாரெத். "ரன்னே என்ன சொல்லிச்சோ அதெல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல இருக்குன்னு ஓய்வா சொன்னார். எனக்குக் காட்டுங்க."

"எதுக்கும்மா அதெல்லாம்?" என்றேன்.

"ரெண்டு நாள் என் புருஷன் எப்படிக் கெடந்தான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அவள் கேட்டதற்கு மறுப்பு சொல்ல நான் யார்? திறந்தேன். அந்த வளைந்த குறிகளும் கோடுகளும் அவளுக்குப் புரியாது என்று நானே விரலை வைத்துப் படித்துச் சொன்னேன். இங்கே படுத்தது. இங்கே குரைத்தது. இங்கே ஓய்ந்தது. இங்கே மறுபடி. அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். ரன்னே மேசைக்கு அடியில் மூச்சு விடுவது கேட்டது. மதியத்து வரி வந்ததும் நான் வேகமாகக் கடந்துபோகப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"இது என்ன, இங்க மட்டும் இவ்வளவு?"

நரி ஏதாவது வந்திருக்கும் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன்.

"அது ஓய்வாவோட வண்டிச் சத்தம் கேட்டு" என்றான் யோவ்னி சுவரோரத்திலிருந்து. "மேட்டுக்குக் கீழ வரைக்கும் வந்துட்டாங்க. மேல ஏறிப் பார்க்கட்டுமான்னு கேட்டார். நான்தான் வேணாம்னு திருப்பி அனுப்பினேன். இந்த வரியெல்லாம் வந்துட்டே இருந்துச்சு மாரெத். என் புரோகிராம்தான் உள்ள விடலை."

மாரெத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ ஹெய்க்காவுக்கு உயிர் இருந்துச்சா?"

"இருந்துச்சு. டாக்டர் அப்படித்தான் சொன்னாராம்."

அவள் அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க ரொம்ப நேரம் அழுதாள். நானும் அழுதேன். யோவ்னி அழவில்லை. அழ எனக்கு என்ன உரிமை என்கிற மாதிரி நின்றான்.

பிறகு அவள் தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சனிக்கிழமை அடக்கம். சவப்பெட்டியைத் தூக்குறப்ப தலைமாடு, வலது பக்கம், உன்னோடது."

"என்னால முடியாது. நான் வரலை. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வருவேன்? வேற யாரையாவது பிடிக்கச் சொல்லு."

மாரெத் எழுந்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"அவன் அங்க கெடந்து கூப்பிட்டிருப்பான், நீ வரலை. நாய் தொண்டை கிழியக் கூப்பிட்டுச்சு, நீ வரலை. இப்ப நான் கூப்பிடுறேன் யோவ்னி. நீ வந்தே ஆகணும். மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. அவனுக்கு இருக்கிறது நீ ஒரு தம்பிதான். தலைமாட்டுல வேற ஆள் நின்னா அவன் என்னைத்தான் திட்டுவான்."

கயிற்றை இழுத்தாள். ரன்னே எழுந்தது, கதவு வரை போய், திரும்பி யோவ்னியைப் பார்த்து நின்றது. குரைக்கவில்லை. அந்த மேட்டிலிருந்து இறக்கிக் கொண்டுவந்த நாளிலிருந்து அது குரைப்பதே இல்லை என்று மாரெத் சொன்னாள்.

யோவ்னி மேல்சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். சாவி மேசையில் கிடந்தது, அதை நான் அவன் பைக்குள் திணித்தேன். பொத்தான்களை எல்லாம் ஒன்று தள்ளி மாற்றிப் போட்டிருந்தான், காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. சரி செய்யச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அப்படியே அவர்களோடு போய்விட்டான்.